கிளாரினெட் ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்க ஒரு வழி

கிளாரினெட் என்னும் மேற்கத்தியத் துளைக்கருவியை வாசிக்கும் கலைஞர் ஒருவரின் நுட்பத்தை அறிய விரும்புவோர், பல படைப்புகளைத் தேடி அலையாமல், மொசார்ட் 1791-இல் தம் நண்பரும் கிளாரினெட் கலைஞருமான அன்டன் ஸ்டாட்லருக்காக எழுதிய கிளாரினெட் கன்சர்ட்டோவின் (தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பின்) இரண்டாம் பகுதியை மட்டும் இரண்டு மூன்று கலைஞர்களின் பதிவுகளில் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது. மெதுவாக நகரும் அப்பகுதியில், விரல்களின் வேகத்தைக் கொண்டு எந்தக் குறையையும் மறைக்க இயலாது. தொடக்க மெட்டு, நடுப்பகுதி முடிந்து மீண்டும் வரும் இடத்தை ஹெட்போன் அணிந்து கேளுங்கள். அங்கே பலர் ஒலியை மிகவும் தணித்து வாசிப்பார்கள்; அவ்வளவு தணிந்த நிலையிலும் சுருதி விலகாமல், நாதம் வெறும் காற்றோசையாகத் தேய்ந்துவிடாமல், நீண்ட இசைவரி ஒரே மூச்சில் சொன்னதுபோல் தொடர்ந்து வந்தால், அது தேர்ந்த கலைஞரின் வாசிப்பு என்று துணிந்து சொல்லலாம்.

பதிவின் உறையில் ‘பாசெட் கிளாரினெட்’ என்று குறிப்பிட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டாட்லரின் கருவி அதுதான்; வழக்கமான கிளாரினெட்டைவிடத் தாழ்ந்த ஸ்வரங்களுக்கு இறங்கக்கூடியது. மொசார்ட்டின் கையெழுத்துப் பிரதி கிடைக்காமற்போனதாலும், 1801-இல் அச்சான பதிப்புகள் வழக்கமான கருவிக்கேற்ப மாற்றப்பட்டிருந்ததாலும், தாழ்ந்த ஸ்வரங்கள் சில இன்றும் பெரும்பாலான பதிவுகளில் மேல் ஸ்தாயிக்கு ஏற்றியே வாசிக்கப்படுகின்றன. பாசெட் பதிவில் அவை தமக்குரிய ஆழத்தில் ஒலிக்கையில், இரண்டு குரல்கள் உரையாடுவதுபோல் தோன்றும். எனக்கு அதுவே பிடித்தமானது.

இன்னொன்று: கருவியின் நடுவிலுள்ள சில ஸ்வரங்கள் இயல்பாகவே மங்கலானவை, அவற்றைக் கடந்து மேலே ஏறும்போது நாதத்தின் நிறம் மாறாதிருப்பது பல்லாண்டுப் பயிற்சியால் மட்டுமே கைகூடும்.