பழைய பிரெஞ்சு எச்சிங்கில் இயேசுவின் உவமைகள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிரெஞ்சு பைபிள் படம் என்றாலே எச்சிங் என்று பெயர் சூட்டிவிடுவது முதல் தவறு. இதில் அதிகம் அகப்படுபவை குஸ்தாவ் டோரேயின் 1866ஆம் ஆண்டு பைபிள் படங்கள். அவை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. வரைந்தவர் டோரே, செதுக்கியவர்கள் வேறு. எச்சிங் என்றால் செப்புத் தகட்டில் பூச்சு பூசி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரிக்க விடுவது. அந்தப் பள்ளத்தில் தங்கும் மைதான் காகிதத்தில் ஏறும்.

கோட்டின் நுனி மழுங்கி முடிந்தால் எச்சிங், கூராக முடிந்தால் உளிவேலை (அமிலமில்லாமல் உளியால் தகட்டை நேரே செதுக்குவது) என்பது அரிச்சுவடிப் பாடம். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தாள்களில் அதை நம்பி முடிவுகட்ட வேண்டாம். எச்சிங் கலைஞர் ஜாக் காலோ சாய்வாகத் தீட்டிய முனைகொண்ட 'எஷோப்' என்ற கருவியால் கீறினார். அதில் கோடு பருத்தும் மெலிந்தும் ஓடும், கூராகவும் முடியும். இன்னொரு எச்சிங் கலைஞர் ஆப்ரஹாம் போஸ் 1645இல் எச்சிங்குக்கு ஒரு கையேடே எழுதினார். அமிலக்கோடு உளிக்கோடு போலத் தெரிய வேண்டும் என்பதே அவர் ஆசை.

மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் உவமையைப் போஸ் வரைந்த வரிசையில்தான் பெரிய தவறு நடக்கிறது. 'யூதேயாவில் ஏது இந்தப் பட்டுப் பாவாடை?' என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது அறியாமையால் வந்ததல்ல. 1630களின் பிரெஞ்சுச் சீமாட்டிகள் தங்களையே அதில் பார்க்க வேண்டும் என்று அப்படி வரைந்தார். இன்னொன்றும் கவனியுங்கள். மத்தேயு சுவிசேஷம் 25ஆம் அதிகாரத்தில் புத்தியில்லாத கன்னிகைகளின் குறை எண்ணெய் கொண்டுபோகாதது மட்டுமே. போஸ் அவர்களைச் சீட்டாட்டத்தோடு உட்கார வைக்கிறார். அந்தக் குற்றச்சாட்டு சுவிசேஷத்தில் இல்லை. போஸ் சீர்திருத்தச் சபையை (கால்வினியப் புராட்டஸ்டண்டு) சேர்ந்தவர் என்பது தெரிந்தால் அது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்காதவருக்கு இந்த வரிசையில் பாதி சுவை போய்விடும்.

தந்தையின் சொத்தை விருந்தில் அழித்து, பன்றி மேய்த்து, பிறகு வீடு திரும்பும் மகனின் உவமையை வரைந்த காலோவின் கெட்ட குமாரன் வரிசை 1635ஐச் சேர்ந்தது. அவர் இறந்ததும் அதே ஆண்டுதான். தாள்கள் உள்ளங்கைக்குள் அடங்கும். திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு சுவரோவியம்போல வர்ணிப்பவர்கள் உண்டு. பன்றிகளோடு இருக்கும் தாளை மட்டும் தனியே எடுத்து வர்ணிப்பதும் வீண். விருந்துத் தாளைப் பார்த்த கண்ணோடு பார்த்தால்தான் அது வேலை செய்யும். அவரைப் பிரெஞ்சுக்காரர் என்று ஒரே சொல்லில் முடிப்பதும் சரியில்லை. நான்சியில் பிறந்தவர். அப்போது அது லொரேன் கோமகனின் நகரம். 1633இல்தான் பதின்மூன்றாம் லூயியின் படை அதைப் பிடித்தது.

படத்தின் அடியில் இருக்கும் பெயர்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெயரோடு லத்தீனில் 'ஃபேசித்' என்றிருந்தால் செய்தவர், 'இன்வெனித்' கற்பனை செய்தவர், 'எக்ஸ்கூதித்' பதிப்பித்தவர். பதிப்பாளரை ஓவியராக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

வாள் வலது இடுப்பில் தொங்கினால் சந்தேகப்படுங்கள். அச்சில் படம் இடவலம் மாறும். வேறொருவர் அச்சுத்தாளைப் பார்த்து அப்படியே தகட்டில் நகலெடுத்தால் உருவங்கள் இடக்கைக்காரர்களாகிவிடுவார்கள். அசல் தகடாகவே இருந்தாலும் தாள் அதே காலத்தது என்று எண்ண வேண்டாம். காலோவின் பதிப்பாளர் இஸ்ரேல் ஆன்ரியேவிடமிருந்த தகடுகள் பின்பு அவருடைய சகோதரி மகன் இஸ்ரேல் சில்வெஸ்தரிடம் போயின. அதனால் காலோ கண்ணை மூடிய பிறகு அச்சான தாள்களும் சந்தையில் உண்டு. கோடுகள் வெளிறி, நிழல் பகுதிகள் தேய்ந்திருந்தால் அப்படிப்பட்ட தாளாக இருக்கலாம்.

வாங்கியவர்கள் சட்டம் போடும் அவசரத்தில் தகட்டுத் தழும்புக்கு (அச்சிடும்போது தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதித்த தடம்) வெளியே உள்ள ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். போஸின் தாளானால் படத்துக்குக் கீழே உள்ள பிரெஞ்சுச் செய்யுளையும் விட்டுவையுங்கள்.