ஐடென்டி கார்டு கொப்பிதானே, கொடுத்தால் என்ன?

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷன் கடைக்கு அடையாள அட்டையைப் பிரிண்ட் எடுக்கப் போனேன். “அண்ணா, இந்த நம்பருக்கு வட்ஸ்அப் பண்ணுங்கோ” என்றார் கடைத் தம்பி. அனுப்பினேன். அவர் கணினியில் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தார். என் அட்டைக்கு மேலும் கீழும் யார் யாருடையவோ அட்டைகள், பாஸ்போர்ட்டின் முதல் பக்கங்கள், ஒரு பிறப்புச் சான்றிதழ். எதுவும் திருடியதல்ல. எல்லாம் என்னைப் போலவே வந்தவர்கள் அனுப்பிக் கொடுத்தவை.

நாம் ஃபோனில் அழித்தாலும் கணினியில் இறங்கிய கோப்பு அங்கேயேதான் கிடக்கும். பிரிண்ட் கைக்கு வந்ததும் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும். கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. தம்பி கோபிக்கவில்லை, ஒருவரும் கேட்பதில்லை என்றார்.

‘வெறும் நம்பர்தானே’ என்று நினைப்பது அடுத்த தவறு. பழைய அட்டை இலக்கம் 88605 என்று தொடங்குகிறது என்று வையுங்கள். 88 பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 500ஐக் கழித்தால் 105. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. ஆக, 1988 ஏப்ரல் 14இல் பிறந்த பெண். புதிய 12 இலக்க அட்டையில் ஆண்டை முழுதாகவே எழுதிவிடுகிறார்கள். பிறந்த திகதியையே வங்கிக் கார்டின் இரகசிய (PIN) நம்பராக வைத்திருப்பவர்கள் இதை இன்னொரு தடவை வாசியுங்கள்.

இதை வைத்து என்ன செய்வார்கள்? ‘வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்று ஒருவர் உங்கள் பெயர், பிறந்த திகதி, அட்டை இலக்கம் எல்லாவற்றையும் பிழையில்லாமல் சொன்னால் பாதி நம்பிவிடுவோம். அப்புறம்தான் ஃபோனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தைக் கேட்பார். உங்கள் விவரம் தெரிந்திருப்பதால் மட்டும் அவர் வங்கிக்காரர் ஆகிவிட மாட்டார். ஃபோனை வைத்துவிட்டு, வங்கிக் கார்டின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு நீங்களே அழைப்பு எடுங்கள்.

கொப்பி கொடுத்தே ஆக வேண்டிய இடங்களில் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக, எந்தத் திகதியில் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு பேனாவுக்கு மேல் செலவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒருவர் தன் வீட்டுத் தேவைக்காக வைத்திருப்பது அதற்குள் வராது. 2021இல் தடுப்பூசிக்காக எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்ட அட்டைப் படங்கள் அம்மாவின் ஃபோனில் இன்னும் இருந்தன. எல்லோருக்குமாக அழிக்கும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. சரியென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவர் ஃபோனாக வாங்கி அழித்தேன். சித்தப்பா மட்டும் இன்னும் தரவில்லை.