படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முதியோர் இல்லம் தேர்ந்தெடுப்பது எப்படி?

அம்மாவுக்கு வயது 78. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு, அவரால் தானாகப் புரண்டு படுக்கவும் முடியவில்லை. வீட்டில் ஆள் வைத்து நான்கு மாதம் பார்த்துக்கொண்டோம். இரவுக்கு வந்த ஆள் யாரும் நிலைக்காததால் இல்லம் தேடத் தொடங்கினேன். கோவையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏழு இல்லங்களுக்குச் சென்றேன். முதலில் சேர்த்த இல்லத்திலிருந்து மூன்றே வாரத்தில் அம்மாவை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன். கட்டணம், தூரம், சைவமா அசைவமா என்பதையெல்லாம் எவரும் சொல்லாமலே கேட்டுவிடுவீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் சிறிய தனியார் மருத்துவமனை என்று பொருள். அந்தச் சொல்லைக் கொண்டு தேடினால் பிரசவ மருத்துவமனைகள்தான் வந்து நிற்கும். மேலும், பல முதியோர் இல்லங்கள் நடமாடுபவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே, “படுத்த படுக்கையாக இருப்பவரைச் சேர்த்துக்கொள்வீர்களா?” என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 1: தேவையை எழுதுங்கள்

‘எல்லாம் பார்த்துக்கொள்வோம்’ என்று எல்லா இல்லங்களிலும் சொல்வார்கள். அந்த ‘எல்லாம்’ எவை என்பது நம் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். இதற்குப் பார்த்தெல் அளவுகோல் மிகவும் உதவியது. 1965 முதல் புழக்கத்தில் உள்ள இது, சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது போன்ற பத்துச் செயல்களை ஒருவர் தானாக எவ்வளவு செய்கிறார் என்பதற்கு மொத்தம் 100 மதிப்பெண் தருகிறது. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் போட்டுத் தருவார். அதன் கீழே மருந்துகள், டயப்பர் எண்ணிக்கை, யூரின் பேக் இருக்கிறதா என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். இதற்குச் செல்பேசிச் செயலிகளைவிடச் சட்டைப் பையில் அடங்கும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமே மேல் என்பது என் உறுதியான கருத்து. எதிரில் இருப்பவர் சொல்வதை எழுதிக்கொள்ளும்போது அவரும் கவனித்துப் பேசுகிறார்.

படி 2: பதிவும் படிப்பும்

இல்லம் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். அங்கேயே சிகிச்சையும் தருவதாகச் சொன்னால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிவையும் காட்டச் சொல்லுங்கள். ‘சிஸ்டர்’ என்று அழைக்கப்படுபவர் எல்லோரும் செவிலியர் அல்லர். செவிலியர் படிப்புகளில் ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. படித்துத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர் எத்தனை பேர், அவர்களில் இரவில் தங்குபவர் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

படி 3: இரண்டாம் முறை சொல்லாமல் செல்லுங்கள்

நான் தவறவிட்டது இந்தப் படியைத்தான். முதல் இல்லத்துக்கு ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சென்றேன். தரை பளிச்சென்று இருந்தது. ஆறு பேர் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அன்றே முன்பணம் கட்டிவிட்டேன். அம்மாவைச் சேர்த்த பிறகு ஒரு ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போனபோது, இருபத்தாறு பேருக்கு இரண்டே பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகின் அடிப்பகுதியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். ஏர் பெட் (காற்று நிரப்பிய மெத்தை) இருக்கிறது என்பதற்காகத் திருப்பாமல் விட முடியாது. அந்த இல்லத்திலும் ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் திருப்பும் நேரத்தைக் குறிக்கும் தாள் தொங்கியது. அடுத்த நாள் மாலை நாலரை மணிக்கு நான் அதைப் பார்த்தபோது, ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் உரிய கட்டங்களில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது. அம்மாவைச் சற்றே ஒருக்களித்துப் பார்த்தேன். முதுகின் அடியில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தோல் சிவந்திருந்தது; விரலால் அழுத்தி எடுத்தபோது அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை. அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு படுக்கைப் புண்ணின் முதல் நிலை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகவே தாளை மட்டும் நம்பாதீர்கள். முன்பின் தெரியாதவர்களின் உடலை நாம் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் மதியம் இரண்டு மணிக்குச் சென்று, படுத்திருக்கும் மூன்று பேர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, வெளியே தேநீர் குடித்துவிட்டு நாலரை மணிக்குத் திரும்பிச் சென்று பாருங்கள். மூவரும் அதே பக்கம் பார்த்துக் கிடந்தால் அந்த இல்லம் வேண்டாம்.

படி 4: சாப்பாட்டு வேளையில் இருங்கள்

இப்போது அம்மா இருக்கும் இல்லத்தை நான் முடிவு செய்தது ஒரு கரண்டிக் கஞ்சியை வைத்துத்தான். ஆயாம்மா ஒருவர் ஒரு முதியவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஒரு வாய் ஊட்டிவிட்டுத் தொண்டைக்குழி ஏறி இறங்கும்வரை கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். அதன் பிறகே அடுத்த வாய். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரக்கூடும். மூக்கு வழியாக வயிற்றுக்குச் செல்லும் ரைல்ஸ் டியூப் மூலம் உணவு பெறுபவருக்கும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே இருக்க வேண்டும்.

படி 5: கட்டுகளும் கதவுகளும்

“டியூபைப் பிடுங்கினால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு பொறுப்பாளர் சற்றும் தயங்காமல், “கையைக் கட்டிலோடு கட்டிவிடுவோம்” என்றார். நான் அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காப்பகம் தீப்பற்றியதில் 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். அதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வோர் இல்லத்திலும் அறைகளை வெளியே தாழிடுகிறார்களா, பின்வாசல் திறந்திருக்கிறதா, இரவில் சாவி யாரிடம் இருக்கும் என்று பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.

படி 6: ஒப்பந்தம்

டயப்பர், பிசியோதெரபி, ஆம்புலன்ஸ் ஆகியவை மாதக் கட்டணத்தில் அடங்குமா, நள்ளிரவில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வார்கள், உடன் யார் செல்வார், இடையில் விலகினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை, முன்பணத்தில் பாதிதான் திரும்பியது.

பின்சேர்க்கை 1: கருத்த தோலில் சிவப்பு எப்படித் தெரியும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மிகச் சரியான கேள்வி. அம்மா வெளுத்த நிறம் என்பதால் எனக்கு அது தோன்றவில்லை. கருத்த தோலில் சிவப்பைத் தேடாமல், சுற்றியுள்ள தோலைவிட ஓரிடம் மட்டும் கருமை கூடியிருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, அங்கே வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: மாலை ஐந்து மணிக்கு மேல் பார்வையாளருக்கு அனுமதி இல்லை என்று சொல்லும் இல்லங்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களின் ஓய்வுக்காக நேரம் வரையறுப்பது நியாயம். ஆனால் சொந்தப் பிள்ளை இரவில் ஐந்து நிமிடம் வந்து பார்ப்பதையும் மறுக்கும் இடத்தில் நான் சேர்க்க மாட்டேன். சேர்த்த பிறகு புறக்கணிப்போ கொடுமையோ தெரியவந்து, நிர்வாகமும் செவிசாய்க்காவிட்டால், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

பின்சேர்க்கை 3: வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு: உள்ளூரில் ஓர் உறவினரையோ நண்பரையோ மாதம் இருமுறை, வெவ்வேறு கிழமையில், வெவ்வேறு நேரத்தில் போகச் சொல்லுங்கள். காணொளி அழைப்பில் முகம்தான் தெரியும். மாதந்தோறும் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். எடை தொடர்ந்து குறைந்தால் சாப்பாட்டு வேளையில் ஒருவரை அனுப்புங்கள். போகிறவர் பேச உட்காருவதற்கு முன் காலுறையைக் கழற்றிக் குதிகாலைப் பார்க்கட்டும். நானும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் முதலில் செய்கிறேன். அம்மாவும் இப்போது என்னைக் கண்டதும் போர்வையை விலக்கிக் காலைக் காட்டுகிறார்.