வேலூர் வெயிலில் இட்லி மாவு எப்போது புளிக்கும்?

மணி பார்த்து மாவு புளித்ததா என்று முடிவு செய்யாதீர்கள், சூட்டைப் பாருங்கள். சித்திரையில் வேலூரில் பகல் 40 டிகிரியைத் தாண்டும்போது சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு நள்ளிரவுக்கு முன்பே பொங்கி நிற்கும், மார்கழியிலோ அதே மாவுக்கு 12 மணி நேரமும் போதாமல் போகலாம். கிரைண்டர் சூடும் மாவில் ஏறும். அதனால் வெயில் காலத்தில் உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டி, உப்பை அப்போதே போட்டுக் கரைத்துவிடுங்கள், உப்பு நொதித்தலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். குளிர் காலத்தில் காலையில் போட்டால் போதும்.

அப்புறம், பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஓரத்தில் கரண்டியை விட்டு மெல்லப் பிளந்து பாருங்கள். அடிவரை தேன்கூடு மாதிரி குமிழி தெரிந்து, லேசாகப் புளிப்பு வாசம் வந்தால் சரி, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கேயும் புளிக்கும், ஆனால் மெதுவாக.