காது இரைச்சலுக்குக் காரணம் கண்ணாடி

ஹூஸ்டனில் இன்டோர் ஷூட்டிங் ரேஞ்சுக்கு (உள்ளரங்கில் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) போய்வந்த இரவெல்லாம் காதுக்குள் 'ங்ஙொய்' என்று ஒரே இரைச்சல். இத்தனைக்கும் தலையில் எலக்ட்ரானிக் இயர்மஃப், அதாவது வெடிச்சத்தத்தைத் தடுத்து, பேச்சை மைக் வழியாகக் கேட்கவிடும் காதுமூடி. அதன் என்ஆர்ஆர் (சத்தத்தைக் குறைக்கும் திறனுக்கான டெசிபெல் மதிப்பீடு) 22. இன்னும் விலை கூடின மாடலாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பார்த்தால் குற்றவாளி என் மூக்குக்கண்ணாடி! தடித்த ஃபிரேம், காதுக்கு மேல் போகிற இடத்தில் மஃபின் மெத்தையைத் தூக்கிவிட்டிருந்தது. விரல் நகம் நுழையும் அளவு சந்து. 9 எம்எம் கைத்துப்பாக்கியின் வெடிச்சத்தம் 160 டெசிபெல்லைத் தொடும். அதற்கு அந்தச் சந்து தாராளம்.

மெல்லிய கம்பி வைத்த பாதுகாப்புக் கண்ணாடி வாங்கினேன், மெத்தையை ஜெல்லுக்கு மாற்றினேன். மஃபுக்கு உள்ளே, காதுத் துளையில் செருகும் என்ஆர்ஆர் 32 ஃபோம் பிளக்கும் போட்டேன். அதை நன்றாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்துச் செருகி, உப்பும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். 32-ம் 22-ம் சேர்ந்து 54 ஆகிவிடாது; பெரியதோடு ஏறத்தாழ 5 டெசிபெல் கூடும், அவ்வளவுதான். பிளக்கோடு மஃபின் வால்யூமைக் கூட்டினால் ரேஞ்ச் ஆபீசர் 'சீஸ் ஃபயர்' (சுடுவதை நிறுத்து) என்பது தெளிவாகக் கேட்கிறது. எலக்ட்ரானிக்குக்குக் கொடுத்த காசே அதற்குத்தான். பேட்டரி தீர்ந்தாலும் மஃப் வெடிச்சத்தத்தைத் தடுக்கும், பேச்சுதான் கேட்காது.

போன சனிக்கிழமை 50 ரவுண்டு சுட்டேன். ராத்திரி ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.