கூச்சக்காரர் நன்றியுரையில் தொடங்கலாம்

மட்டக்களப்பில் கூத்து பழக்கும் அண்ணாவியார் யாரையும் எடுத்த எடுப்பில் களரியில், அதாவது கூத்தாடும் அரங்கில், ஏற்றமாட்டார். முதலில் சட்டம் கொடுப்பார்: இன்னாருக்கு இன்ன வேசம், இன்ன பாட்டு. அப்புறம் நாள்கணக்கில் பழக்கம், முதன்முதலாகக் காலில் சதங்கை கட்டி ஆடும் சதங்கை அணிதல், முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல். அரங்கேற்றம் அதற்குப் பிறகுதான். மேடையில் பேசப் பயந்தவர்களைத்தான் பழக்கமே இல்லாமல் ஏற்றிவிடுகிறோம். நானும் அப்படி ஏறியவன். ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வணக்கம் சொன்னதோடு தொண்டை அடைத்து, கடதாசியோடு இறங்கி வந்தேன். பிறகு கூத்து வழியில் பழகினேன். அதையே படிப்படியாகச் சொல்கிறேன்.

1. சட்டம்

நன்றியுரையைக் கேட்டு வாங்குங்கள். 'அத நான் சொல்லுறன்' என்றால் செயலாளர் மறுக்கமாட்டார், எல்லாரும் தட்டிக்கழிக்கும் வேலை அது. இரண்டு நிமிடம் போதும். சபையும் தேத்தண்ணிக்கு எழும்பும் நேரம், யாரும் உங்களை எடைபோடப் போவதில்லை. வரவேற்புரை வேண்டாம். அப்போதுதான் எல்லாக் கண்ணும் மேடையில் இருக்கும்.

2. கடதாசி

முழுதாக எழுதினால் வாசிக்கத்தான் வரும். முதல் இரண்டு வசனம், கடைசி வசனம், நடுவில் வரிக்கு ஒரு பெயர். எழுத்து பெரிதாக இருக்கட்டும். பெயர்களைக் கூட்டத்தன்று செயலாளரிடம் மறுபடி சரிபாருங்கள். வருவதாகச் சொன்ன அதிகாரி வராமல், வேறொருவர் வந்திருப்பார். விளிப்பை நீட்டாதீர்கள். 'தலைவர் அவர்களே, சபையோரே' போதும்.

ஒரு வரியாவது கண்ணால் கண்டதாக இருக்கட்டும். 'ஒத்துழைப்பு நல்கிய அனைவருக்கும்' என்றால் யாரும் நிமிரமாட்டார்கள். 'விடிய எழும்பிப் பலகாரம் சுட்ட மாதர் சங்கத்துக்கு நன்றி' என்று சொல்லிப் பாருங்கள். சபை பின்பக்கம் திரும்பும், அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். உங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு வேறு வேலை கிடைத்துவிடும்.

3. பழக்கம்

கண்ணாடி முன்னால் பேசச் சொல்வார்கள். எனக்கு அது உதவவில்லை; கூச்சக்காரன் தன் முகத்தையே பார்த்து இன்னும் கூசுவான். நான் கல்லடிக் கடற்கரைக்குப் போனேன். கூட்டாளியை 20 அடி தள்ளி நிறுத்திவிட்டு, அலைச் சத்தத்துக்கு மேலால் பேசினேன். முதல் நாள் அவன் காதில் கைவைத்து 'என்னகா?' என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான். தொண்டையால் கத்தாமல், மூச்சை நிறைய எடுத்து வசனத்தின் கடைசிச் சொல்வரை தேய்க்காமல் சொன்னபோதுதான் கேட்டது. அப்புறம் வீட்டில் இரண்டு பேருக்கு முன்னால், நின்றபடி. அதுதான் சதங்கை அணிதல்.

4. அடுக்குப் பார்த்தல்

அரைமணி முன்பே போய் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துப் பாருங்கள். நாடிக்குக் கீழே நாலு விரல் தள்ளிப் பிடித்தால் சரி. ஒலிபெருக்கிப் பெட்டிப் பக்கம் அதைத் திருப்பினால் 'கூ' என்று கத்தும். அது உங்கள் பிழையென்று நடுங்க வேண்டாம்.

5. அரங்கேற்றம்

நெஞ்சு அடிக்கும், வாய் காயும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் செய்யும் வேலை அது. மூச்சை இழுத்த நேரத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்து வெளியே விடுங்கள், துடிப்பு கொஞ்சம் இறங்கும். முதல் இரண்டு வசனத்தை மனப்பாடம் செய்வது இந்த நேரத்தைத் தாண்டத்தான். மெல்லிய கடதாசி கை நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். கொப்பி மட்டையில் ஒட்டிக்கொண்டு போங்கள். மறந்துபோனால் மன்னிப்புக் கேட்காமல் குனிந்து அடுத்த பெயரைப் பாருங்கள்.

கூத்தில் அரங்கேற்றத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆடுவார்கள். நீங்களும் மரண உதவிச் சங்கம், பாலர் பாடசாலைப் பெற்றோர் கூட்டம் என்று அடுத்ததை அந்த மாதமே பிடியுங்கள். என் முதல் நன்றியுரை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா சோறு போட்டபடி சொன்னார்: 'அனைவருக்கும் எண்டத மூண்டுதரம் சொன்னாய் மனே. பலகாரம் எண்டதும் சிரிச்சதில மறுகா ஒருத்தரும் கவனிக்கல்ல.'