ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் பழகுவது: லாரி ஓட்டிய அப்பா சொல்லித்தந்த வழி

என் அப்பா இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டினார். கோலாரில் தக்காளி ஏற்றி கோயம்பேட்டில் இறக்குவார், திரும்பும்போது கிடைக்கிற லோடை யஷ்வந்த்பூர் மண்டிக்குக் கொண்டுவருவார். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே, தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்து "இவன் கியரை லேட்டா போட்டான்" என்று சொல்லிவிடுவார். 2021-இல் நான் செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபியட் அபார்த் புன்டோ வாங்கினேன். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், 145 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். அப்பா செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே வெறுங்காலால் கிளட்சை நாலைந்து முறை அழுத்தி விட்டார். "கனமாத்தான் இருக்கு. ஆனா நல்லா பேசுது கண்ணு" என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. புதிதாக மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களுக்கு அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். என்ஜின் ஒரு வேகத்தில் சுற்றுகிறது, கியர் பெட்டியின் பக்கம் வேறொரு வேகத்தில் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் கிளட்ச் பிளேட் உரசி உரசித்தான் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, உரசலும் சூடும் அவ்வளவு அதிகம். வலது காலால் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து வித்தியாசத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டால் பிளேட்டுக்கு வேலையே இல்லை. ஆகவே கிளட்ச் பழக்கத்தில் பாதி வலது காலுடையது.

சீட்டைச் சரிசெய்யாமல் எதையும் தொடங்காதீர்கள். கிளட்சைத் தரைவரை அழுத்தியபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் முழுதாக நீண்டுவிட்டால் நுனி விரலால்தான் பெடலைத் தொடுவீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. அப்பா வெறுங்காலில் ஓட்டுவார். நான் மெல்லிய ரப்பர் அடி உள்ள கேன்வாஸ் ஷூ போடுகிறேன். தடித்த அடியுள்ள ஓட்டப்பயிற்சி ஷூ வேண்டாம், செருப்பு வேண்டவே வேண்டாம்.

பெடலுக்குக் கீழே விரித்திருக்கும் கால்மிதி மேட்டையும் பாருங்கள். வாங்கிய மூன்றாம் மாதம் என் காரில் ரிவர்ஸ் கியர் கரகரவென்று உரசியது, சிக்னலில் முதல் கியர் விழ மறுத்தது. ஒரு கராஜில் காட்டினேன். பெடலைக்கூடத் தொடாமல், கிளட்ச் செட்டே போச்சு, முழுதாக மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். அப்பாவிடம் சொன்னேன். குனிந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பழைய மேட்டின் மேலேயே நான் புது மேட் போட்டிருந்தேன். பெடல் கடைசி ஒரு அங்குலம் இறங்கவில்லை. "கிளட்ச் ஃப்ரீ ஆகலை, அவ்வளவுதான்" என்று சொல்லிக் கீழ் மேட்டை உருவி எடுத்தார். அன்றிலிருந்து கியர் வெண்ணெயாக விழுகிறது. அந்தத் தொகையை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

இப்போது முதல் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆளில்லாத சமதரை ஒன்றைக் கண்டுபிடியுங்கள். ஏசியை அணைத்துவிடுங்கள். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஓர் இடத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றாக நடக்கும். என்ஜின் சத்தம் ஒரு படி கனக்கும். என்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள் துளி இறங்கும். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதைத் திரட்சியில், மெல்லிய அதிர்வு வரும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். அங்கேயே காலை நிறுத்துங்கள், கார் தானாக ஊர ஆரம்பிக்கும். மறுபடி அழுத்தி நில்லுங்கள். இருபது முறை செய்துவிட்டு ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள், சூடு ஆற வேண்டும். ஒரு வாரம் போனால் முள்ளைப் பார்க்காமலே அந்த இடம் காலுக்குத் தெரிந்துவிடும். அப்பா என்னைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார், கார் நின்ற நிலையில்தான். "இப்போ" என்று நான் சொன்னதும் அவர் டேக்கோமீட்டரைப் பார்த்துத் தலையாட்டுவார்.

பெங்களூரு டிராஃபிக் இந்தப் பழக்கத்தைக் கெடுக்கும். சில்க் போர்டு சந்திப்பில் கிளட்சைப் பாதி மட்டும் விட்ட ஹாஃப் கிளட்சில் அங்குலம் அங்குலமாக நகர்வதுதான் பிளேட்டைத் தின்கிறது. முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விழும்வரை பொறுங்கள், கிளட்சை முழுதாக விட்டு முதல் கியரில் ஊர்ந்து போங்கள், நின்றால் நியூட்ரல். சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே காத்திருந்தால் கிளட்சைப் பிரித்துவிடும் ரிலீஸ் பேரிங் தேயும். ஓடும்போது பெடல் மேல் காலை வைத்திருப்பது இன்னும் மோசம். ஃப்ளைஓவர் ஏற்றத்தில் கிளட்சால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், அதற்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது.

மேல்கியர் போடுவதில் சொல்ல அதிகம் இல்லை. கியர் குமிழை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் என்ஜின் சுற்று இறங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், அடுத்த கியருக்கு வேண்டிய அளவுக்கு அது வந்து சேரும்போது கிளட்ச் மேலே வர வேண்டும். அதற்கு முன்னால் விட்டால் கார் முன்னால் துள்ளும், பின்னால் விட்டால் இழுத்துப் பிடிக்கும்.

கீழ்கியர்தான் உண்மையான வித்தை. அப்பா ஆரம்பத்தில் ஓட்டிய லாரியின் கியர் பெட்டியில் கியர்களின் வேகத்தைத் தானாகச் சமமாக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது. கீழே இறக்க வேண்டுமென்றால் கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்கு வர வேண்டும், கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரைத் தட்டி ஒரு ரேஸ் கொடுக்க வேண்டும், மறுபடி அழுத்திக் கியர் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்பார்கள். ரேஸ் கூடினாலும் குறைந்தாலும் பல்லோடு பல் மோதும். இன்றைய கார்களில் கியர் பெட்டியின் பக்கத்தை சிங்க்ரோ ரிங் பார்த்துக்கொள்ளும். என்ஜின் பக்கத்துக்கு இன்னும் நாம்தான் பொறுப்பு. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்தால் என்ஜின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். மூன்றாவதில் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் இரண்டாவதில் 3,000. அந்த ஆயிரத்தை யாராவது தந்தாக வேண்டும். நீங்கள் தராவிட்டால் கிளட்ச் பிளேட்டும் டயரும் தரும்.

காலியான நேர்ச்சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பழகுங்கள். கிளட்சை அழுத்துங்கள், கை இரண்டாவதுக்குப் போகும்போதே வலது காலால் ஒரு தட்டு, முள் ஏறும் நொடியில் கிளட்சை விடுங்கள். தட்டு சின்னதாக, சுருக்கென்று இருக்கட்டும். டர்போ என்ஜின் கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொல்லும், அதனால் நினைப்பதைவிட ஒரு கணம் முன்னால் தட்டுங்கள். அப்பா பக்கத்து சீட்டின் தலைசாய்ப்புக் கம்பியில் ஒரு சின்னப் பித்தளை மணியைக் கட்டிவிட்டார். கியர் மாற்றும்போது மணி அடித்தால் தப்பு. முதல் மாதம் கோயில் பூஜை மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒருநாள் தேவனஹள்ளிப் பக்கம் பத்துப் பதினைந்து முறை இறக்கி ஏற்றியும் சத்தமே இல்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரித்தது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது.

இது கைவந்த பிறகுதான் ஹீல் அண்ட் டோ. பிரேக் பிடித்துக்கொண்டே அந்தத் தட்டைக் கொடுப்பது. வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் அழுந்தியிருக்க, பாதத்தின் வலது ஓரத்தை உருட்டி ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டும். குதிகாலால் செய்ய வேண்டிய அவசியமில்லை, பெடல்களின் இடைவெளியைப் பொறுத்தது. முதலில் நிறுத்திய காரில் என்ஜின் அணைத்துப் பழகுங்கள். எல்லோரும் செய்யும் தவறு, தட்டும்போது பிரேக் அழுத்தம் கூடுவதோ குறைவதோ. கார் மூக்கைக் குத்தினால் அதுதான் காரணம். லேசாகப் பிரேக் பிடிக்கும்போது இது வசப்படாது, அழுத்திப் பிடிக்கும்போதுதான் பெடல் இறங்கி ஆக்ஸிலரேட்டருக்குச் சமமாக வரும். ஆகவே பொதுச்சாலை இதற்கான இடமில்லை. நந்தி மலையில் சைக்கிள்காரர்களும் குடும்பங்களும் வருகிறார்கள். அங்கே இறங்கும்போது அப்பாவின் லாரி விதி ஒன்று போதும்: ஏறின கியரிலேயே இறங்கு. பிரேக் சூடாகாது.

வேகமாகப் பழக நான் போவது இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்குக்கு. பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வருகிறது, ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். அங்கே கிளட்ச் விஷயத்தில் ஒன்றை மட்டும் பயப்படுங்கள். நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு இறக்க நினைத்துக் கை தவறி முதலாவதில் விழுந்து கிளட்சை விட்டால், சக்கரம் என்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுற்ற வைத்துவிடும். என்ஜின் சுற்று எல்லை தாண்டாமல் காக்கும் ரெவ் லிமிட்டர் எரிபொருளை மட்டும்தான் நிறுத்தும், இதைத் தடுக்காது. வால்வு வளைந்து என்ஜினே போகலாம். அதனால் முதலில் பிரேக், வேகம் நன்றாக இறங்கிய பிறகு கியர், ஒவ்வொரு கியராக. நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்பும் லாஞ்ச் பழகுவதானால் 2,500 சுற்று வைத்து, பிடிக்கும் இடம்வரை வேகமாக விட்டு, அங்கே அரைக்கணம் நின்று, மீதியை விடுங்கள். சட்டென்று விட்டால் முன்சக்கரம் சும்மா சுழலும். இரண்டு முறைக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். கருகிய வாடை வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பிளேட் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. காலியான சாலையில் நாலாவது கியரில் 2,000 சுற்றில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். முள் விறுவிறுவென்று ஏறியும் வண்டி வேகம் கூடவில்லை என்றால் ஸ்லிப் ஆகிறது. பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டால் பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் பிரேக் ஆயிலில்தான் இயங்குகிறது, அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

டிராக்கில் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிச் சூட்டை ஆறவிடுங்கள். நிறுத்தியபின் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கொதிக்கும் பிரேக் பேட் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். லாரிக்காரர் வீட்டில் அந்தக் கல் எப்போதும் டிக்கியில் இருக்கும்.